பாலாற்றங்கரைக்கென்று ஒரு மருந்துச் சோதனை

"திரும்ப வந்துடுச்சாம்." வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் நுரையீரல் புற்றுநோய் கண்ட வீடுகளில் இந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை. முதல் முறை நோய் தெரிந்தபோது நகையை அடகு வைத்தார்கள், மகளிர் குழுவில் கடன் எடுத்தார்கள், சொந்தக்காரர்கள் முறை வைத்து ஆஸ்பத்திரியில் தங்கினார்கள். கீமோ முடிந்தது, முடி முளைத்தது. மறுபடி ஷூ கம்பெனிக்குப் போகத் தொடங்கிய ஆள் ஒரு நாள் இருமலில் ரத்தம் பார்க்கிறார். ஸ்கேன் எடுத்த பிறகு மருத்துவர் சொல்கிறார்: "வழக்கமா குடுக்கிற மருந்து ஒண்ணு இருக்கு. இல்லேன்னா ஏதாவது ட்ரையல் நடக்குதான்னு பார்க்கலாம்."

ட்ரையல் என்ற சொல் காதில் விழுந்ததும் உடன் வந்தவர் முகம் மாறுகிறது. "எங்க மேல மருந்தை டெஸ்ட் பண்ணிப் பார்க்கப் போறீங்களா?" இந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கடந்த 25 ஆண்டுகளில் இந்த நோய்க்காக நடந்த சோதனைகளை எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். எது நின்றது, எது தோற்றது, அவற்றில் யாருக்கு இடம் கிடைத்தது என்று பார்க்க வேண்டும். என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இந்தச் சோதனைகள் உண்மையான பலன் தந்திருக்கின்றன. ஆனால் யாரை மனத்தில் வைத்துச் சோதனை திட்டமிடப்பட்டதோ, பலன் பெரும்பாலும் அவரைத்தான் போய்ச் சேர்ந்தது. இந்தப் பகுதியின் தோல் பதனிடும் தொழிலாளியின் நுரையீரலை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட சோதனை எதுவும் கீழே வரப்போகும் வரிசையில் இல்லை.

'திரும்பி வருதல்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. அறுவையாலோ கதிர்வீச்சாலோ கட்டியை நீக்கிய பின் அதே நுரையீரலிலோ மூளை, எலும்பு, கல்லீரலிலோ புற்று மறுபடி தலைகாட்டுவது ஒரு வகை. கண்டுபிடிக்கும்போதே பரவியிருந்து, மருந்துக்குச் சுருங்கி, சில மாதங்கள் கழித்து அந்த மருந்துக்கு அடங்காமல் வளர்வது இன்னொரு வகை. நம் நாட்டில் பெரும்பாலானோர் நோய் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வருவதால் இரண்டாம் வகையைத்தான் அதிகம் பார்க்கிறோம். களைக்கொல்லி அடித்த வயலில் மறுபடி முளைப்பது அந்த மருந்துக்குத் தப்பிய களை. புற்றும் அப்படித்தான். திரும்பி வரும் கட்டி பழைய கட்டியின் வாரிசாக இருந்தாலும் குணம் மாறியிருக்கும். அதனால்தான் இரண்டாம் முறையும் ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். குடும்பத்தினர் பலர் இந்த இடத்தில்தான் மறுத்துவிடுகிறார்கள்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால் முதலில் காசநோய் என்றே நினைக்கிறோம். காசநோய் இன்னும் பரவலாக இருக்கும் நாட்டில் அந்த நினைப்பில் தவறில்லை. ஆனால் சளியில் கிருமி தெரியாமலே மாத்திரையைத் தொடங்கி, மாதக்கணக்கில் சாப்பிட்டு, எடை குறைந்து, பிறகு புற்று என்று தெரிய வந்தவர்கள் இந்தியா முழுக்க இருக்கிறார்கள். நோய் திரும்பும்போதும் அதே தடுமாற்றம் வருகிறது. புது நிழல் பழைய காசநோயின் தழும்பா, கதிர்வீச்சின் வடுவா, புற்றா? இந்தச் சந்தேகத்தில் கழியும் வாரங்களில்தான் சோதனையில் சேரும் தகுதியைப் பலர் இழக்கிறார்கள். எழுந்து நடமாடும் நிலையில் இருப்பவரைத்தான் பெரும்பாலான சோதனைகள் சேர்த்துக்கொள்கின்றன.

இனி சோதனைகளுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டை ஒரு கோடாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் முதல் கீமோ தோற்றுவிட்டால் வலியையும் மூச்சுத்திணறலையும் தணிப்பதைத் தவிர நிரூபணமான வழி இருக்கவில்லை. ஊசியிலை மரமான யூ மரத்தின் இலையிலிருந்து பெறும் மூலப்பொருளைக் கொண்டு செய்யப்படும் டோசிடாக்செல் என்ற மருந்தைக் கனடாவின் ஃபிரான்சிஸ் ஷெப்பர்ட் குழுவினர் சோதித்தனர். நோய் திரும்பியவர்களில் ஒரு பாதிக்கு மருந்தும் மறு பாதிக்கு ஆதரவுச் சிகிச்சை மட்டும் தரப்பட்டது. உடல் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 100 மில்லிகிராம் என்று தொடங்கினார்கள். மருந்தின் நச்சாலேயே சிலர் இறந்தார்கள். உடனே அளவு 75-ஆகக் குறைக்கப்பட்டது. அந்தக் குறைந்த அளவில் ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 37 விழுக்காடு. மருந்து பெறாதவர்களில் 11 விழுக்காடு. வாழ்நாளின் இடைநிலை அளவு நாலரை மாதத்திலிருந்து ஏழரை மாதமானது. மூன்று மாதம். அந்த மூன்று மாதத்தை நான் சிறியதாக மதிக்கவில்லை. ஒரு மகளின் கல்யாணம், ஒரு பேரக்குழந்தையின் முகம் அதற்குள் அடங்கும். ஆனால் 25 ஆண்டுகள் கழித்தும் புதிய மருந்துகள் மோதிப் பார்க்கும் எதிராளி அதே டோசிடாக்செல்தான் என்பது இந்தத் துறை எவ்வளவு மெதுவாக நகர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

இந்த வரலாற்றில் நான் அதிகம் நின்று பார்க்க விரும்பும் இடம் ஜெஃபிடினிப் மாத்திரையின் கதை. 28 நாடுகளில் 1,692 பேரைச் சேர்த்து அதை மருந்தில்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். 2005-ல் முடிவு வந்தது: தோல்வி. மொத்தமாகப் பார்த்தால் வாழ்நாள் கூடவில்லை. அமெரிக்காவில் அந்த மாத்திரைக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆனால் அதே சோதனைக்குள் ஆசியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது இடைநிலை வாழ்நாள் 5.5 மாதத்திலிருந்து 9.5 மாதமாக உயர்ந்திருந்தது. புகை பிடிக்காதவர்களுக்கும் பலன் தெரிந்தது. காரணம் அதற்கு முந்தைய ஆண்டே வெளிவந்திருந்தது. சிலரின் கட்டியில் இஜிஎஃப்ஆர் என்ற மரபணு மாறியிருக்கிறது, மாத்திரை அந்தப் பூட்டுக்கான சாவி என்று 2004-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். ஹாங்காங்கின் டோனி மோக் தலைமையில் ஆசியாவிலேயே நடந்த சோதனை 2009-ல் இதை உறுதியாக்கியது. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு மாத்திரை கீமோவை வென்றது. மாற்றம் இல்லாதவர்களுக்கு அதே மாத்திரை கீமோவைவிட மோசமானது. எல்லோரையும் ஒரே கூடையில் போட்டுப் பார்த்தபோது 'தோற்ற' மருந்து, சரியான ஆளைத் தேடிக் கொடுத்தபோது வென்றது. இந்தியாவில் நுரையீரலின் அடினோகார்சினோமா வகையில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு, சில ஆய்வுகளில் அதைவிட அதிகம் பேருக்கு, இந்த மரபணு மாற்றம் காணப்படுகிறது. அந்தச் சோதனைகள் ஆசியாவுக்கு வராமலே போயிருந்தால் நம்மவர்களில் பலர் வாழ்ந்த மாதங்கள் கணக்கில் வந்திருக்காது.

மாத்திரைக்குப் பணிந்த நோய் ஓராண்டு வாக்கில் மறுபடி திமிரும். அப்படித் திமிரும் கட்டிகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அதே மரபணுவில் இரண்டாவது மாற்றம் ஒன்று வந்திருக்கும். அதற்கென்றே உருவான ஓசிமெர்டினிப்பை 419 பேரிடம் கீமோவோடு ஒப்பிட்டார்கள். நோய் அடங்கியிருந்த காலம் கீமோவில் 4.4 மாதம், மாத்திரையில் 10.1 மாதம் என்று 2017-ல் முடிவு வந்தது. இது திரும்பி வந்த நோய்க்காகவே நடந்த சோதனைகளில் மிகத் தெளிவான வெற்றி. பிறகு அந்த மாத்திரை முதல் சிகிச்சைக்கே முன்னேறிவிட்டது. 2024 ஜூலை மாத மத்திய பட்ஜெட்டில் அதற்கான சுங்க வரி நீக்கப்பட்டது. அதன் பிறகும் மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் அதன் விலையைத் தனியாகத் தாங்க முடியாது.

நோய் எதிர்ப்பு ஆற்றலைத் தூண்டும் ஊசிகள் 2015-ல் வந்தன. நிவோலுமாப் ஊசியை நோய் திரும்பிய செதிள்செல் வகையினருக்குக் கொடுத்தபோது இடைநிலை வாழ்நாள் 6 மாதத்திலிருந்து 9.2 மாதமானது. எண்ணைப் பார்த்தால் பழைய கதைதான். ஆனால் அந்தச் சோதனையையும் அதன் இணைச் சோதனையையும் சேர்த்து ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசி பெற்றவர்களில் 13.4 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தார்கள். டோசிடாக்செல் பெற்றவர்களில் 2.6 விழுக்காடு. நோய் திரும்பிய பிறகு ஐந்தாண்டு என்பது முந்தைய தலைமுறை மருத்துவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காலம். எல்லோருக்கும் அல்ல, நூற்றில் பதின்மூன்று பேருக்கு. அந்தப் பதின்மூன்று பேர் யார் என்பதை முன்கூட்டியே சொல்லத் தெரியவில்லை என்பதுதான் இன்றுவரை தீராத சிக்கல்.

அதன் பிறகு தோல்விகள் வரிசையாக வந்தன. எதிர்ப்பாற்றல் ஊசியும் பலன் தராமல் போனவர்களுக்கு, ஊசியோடு வேறு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக டோசிடாக்செலை வெல்லத் தவறின. கேராஸ் என்ற மரபணுவின் ஒரு குறிப்பிட்ட மாற்றத்துக்கு வந்த சோட்டோராசிப், நோய் அடங்கும் காலத்தை 4.5 மாதத்திலிருந்து 5.6 மாதமாக்கியது. வாழ்நாளைக் கூட்டவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அதற்கு முழு அனுமதி தர மறுத்தது. சிறுசெல் வகைக்கு மட்டும் நல்ல செய்தி வந்தது. டார்லாடமாப் ஊசி 2025-ல் இடைநிலை வாழ்நாளை 8.3 மாதத்திலிருந்து 13.6 மாதமாக உயர்த்தியது. அதுவும் முதல் டோஸ்களின்போது நோயாளியை மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டிய ஊசி.

சோட்டோராசிப் கதையில் வாசகர் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரு வேறுபாடு இருக்கிறது. 'நோய் அடங்கியிருந்த காலம்' வேறு, 'உயிரோடு இருந்த காலம்' வேறு. முதலாவது ஸ்கேனில் அளக்கப்படுவது. மருந்து நிறுவனங்களுக்கு அது விரைவில் கிடைத்துவிடும். இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டும். செய்தித்தாளில் 'புதிய மருந்து நோயைப் பாதியாகக் குறைத்தது' என்று வரும்போது எது பாதியானது என்று பார்க்க வேண்டும். நிலத்தை விற்று வாங்கப்போகும் மருந்து ஸ்கேன் படத்தைச் சரிசெய்கிறதா, ஆயுளைக் கூட்டுகிறதா என்று மருத்துவரிடம் நேராகக் கேட்கும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

இந்த வரிசையைத் தோல் நாட்டுக்கு எடுத்து வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. ஒரு காலத்தில் இங்கே ஆவாரம் பட்டையில் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோம் வந்தது. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி முடி நீங்கிய தோல், பெரிய மர டிரம்மில் குரோம் உப்போடு சுழன்று நீலம் பாய்ந்து வெளிவரும். அதற்கு வெட் ப்ளூ என்று பெயர். அந்த உப்பில் இருப்பது மூவிணைதிறன் குரோமியம். புற்றுநோயை உண்டாக்குவதாக உறுதியானது அறுவிணைதிறன் குரோமியம். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் 'குரோமியத்தால் புற்று' என்று எழுதுவது தொழிலாளிக்கே கேடு செய்யும். நீதிமன்றத்தில் முதல் குறுக்கு விசாரணையில் அந்த வாதம் விழுந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறுவிணைதிறன் குரோமியத்தை நுரையீரல் புற்றுக்குக் காரணமான முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. தோல் தூளையும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது, ஆனால் அது மூக்கறைப் புற்றுக்கு. தோல் பதனிடும் தொழிலை ஒட்டுமொத்தமாகப் புற்றுக்குக் காரணம் என்று அது வகைப்படுத்தவில்லை.

ஆனால் மூவிணைதிறன் உப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. அறுவிணைதிறன் டைக்ரோமேட்டிலிருந்துதான் அதைச் செய்கிறார்கள். டைக்ரோமேட்டை வாங்கி அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்துக் குரோம் கரைசலைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும் வழக்கமும் தோல் தொழிலில் முன்பு இருந்தது. ராணிப்பேட்டையில் 1970-களில் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை டைக்ரோமேட்டையும் குரோம் உப்பையும் செய்தது. 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது அது விட்டுச் சென்ற குரோமியக் கழிவு லட்சம் டன்னுக்கு மேல். 2006-ல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ஓர் அமெரிக்க அமைப்பு ராணிப்பேட்டையைச் சேர்த்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்தவரே இழப்பைத் தர வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் இதே மாவட்டங்களின் மாசு பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வழக்குகள் பாலாற்று நீரையும் நிலத்தையும் உழவரின் இழப்பையும் பேசின. தொழிலாளியின் நுரையீரல் அவற்றின் மையத்தில் இல்லை.

குரோமியம் மெதுவாகக் கொல்லும். தூளை மூச்சில் வாங்கிய நாளுக்கும் கட்டி தெரியும் நாளுக்கும் இடையில் இருபது, முப்பது ஆண்டுகள் இருக்கலாம். 1980-களின் தொடக்கத்தில் இருபது வயதில் குரோமேட் ஆலையில் மூட்டை தூக்கியவருக்கு இன்று அறுபது தாண்டியிருக்கும். ஆலை மூடிப் பல காலமாகிவிட்டது. அவர் இப்போது வாட்ச்மேனாகவோ ஆட்டோ ஓட்டுநராகவோ இருப்பார். மருத்துவமனைச் சீட்டில் 'தொழில்' என்ற இடத்தில் அதைத்தான் எழுதுவார்கள். பீடி பிடித்தாரா என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளும் பிடிக்கும் ஆட்களும் நிறைய. பீடியைச் சொன்னவுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. புகையும் குரோமியமும் ஒரே நுரையீரலுக்குள் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பது மறந்துபோகிறது.

இந்தத் தொழில் வரலாறு சிகிச்சைக்கு எதற்கு என்று கேட்கலாம். வந்த நோய்க்கு மருந்து கொடுப்பதை விட்டுவிட்டு எதனால் வந்தது என்று துருவுவானேன்? இந்தக் கேள்விக்கான பதிலில்தான் என் கட்டுரையின் உயிர் இருக்கிறது. ஜப்பானின் தோகுஷிமா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குரோமேட் ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் கட்டிகளைச் சாதாரண நுரையீரல் கட்டிகளோடு வைத்து ஆராய்ந்தார்கள். 2002-ல் வெளிவந்த அவர்கள் கட்டுரை, குரோமேட் தொழிலாளர்களின் கட்டிகளில் டிஎன்ஏவின் குறுந்தொடர்கள் நிலைகுலைந்திருப்பது அடிக்கடி காணப்பட்டதாகச் சொன்னது. செல் தன் டிஎன்ஏவில் நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு பழுதானால் இப்படி நேரும். பிழை திருத்தும் புரதம் ஒன்று அந்தக் கட்டிகளில் குறைந்திருப்பதையும் அதே குழு பிறகு காட்டியது. சாதாரண நுரையீரல் புற்றில் இந்தப் பழுது மிக அரிது, நூறில் ஒன்றுகூடத் தேறாது.

இதை 2017-ல் நடந்த இன்னொன்றோடு சேர்த்துப் பாருங்கள். அந்த ஆண்டு மே மாதம் அமெரிக்கா, பிழை திருத்தும் ஏற்பாடு பழுதான கட்டி உடலின் எந்த உறுப்பில் இருந்தாலும் பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்பாற்றல் ஊசியைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. உறுப்பைப் பார்க்காமல் பழுதைப் பார்த்து ஒரு புற்று மருந்துக்கு அனுமதி தந்தது அதுவே முதல் முறை. எழுத்துப் பிழைகள் மலிந்த கட்டியை உடலின் காவல் செல்கள் அந்நியம் என்று எளிதில் அடையாளம் கண்டுகொள்கின்றன. ஊசி அந்தக் காவலைத் தூண்டிவிடுகிறது.

இரண்டையும் சேர்த்தால் ஒரு கேள்வி பிறக்கிறது. குரோமியத்தில் உழைத்தவரின் நுரையீரல் புற்று திரும்பி வரும்போது, எதிர்ப்பாற்றல் ஊசி அவருக்கு மற்றவரைவிடக் கூடுதலாகப் பலன் தருமா? தரும் என்று நான் சொல்லவில்லை. ஜப்பானிய ஆய்வு சிறியது. அவர்கள் பார்த்தது குரோமேட் ஆலைக்காரர்களை, டிரம்மில் தோல் சுழற்றியவர்களை அல்ல. அன்றைய ஆய்வக அளவுகோலும் இன்றைய மருத்துவ அளவுகோலும் ஒன்றல்ல. ஆனால் இது சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி. ஜெஃபிடினிப்புக்கு ஆசிய நோயாளிகள் எப்படியோ, அப்படி இந்தக் கேள்விக்குப் பாலாற்றங்கரை நோயாளிகள் இருக்கக்கூடும். நியூயார்க்கிலோ லண்டனிலோ இதைக் கேட்க ஒருவருக்கும் காரணம் இல்லை.

கேட்கும் திறன் நம் ஊரில் இருக்கிறதா? இருக்கிறது என்பதற்குச் சான்று வேலூரிலேயே உண்டு. கடுமையான ரத்தப் புற்று வகை ஒன்றுக்கு உலகம் விலையுயர்ந்த கூட்டு மருந்துகளைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஆர்செனிக் ட்ரைஆக்சைடை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 72 நோயாளிகளில் 86 விழுக்காட்டினருக்கு நோய் முற்றிலும் அடங்கியது என்று 2006-ல் வெளியிட்டார்கள். வசதியில்லாத நோயாளிக்கு எது கட்டுப்படியாகும் என்பதிலிருந்து பிறந்த சோதனை அது. 2011-ல் தொடங்கிய ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்துச் சோதனையில் டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகள் சேர்ந்தார்கள். அந்தச் சொட்டு மருந்து பிறகு நாட்டின் தடுப்பூசித் திட்டத்துக்கே வந்தது. 2024 டிசம்பரில் ஹீமோஃபிலியாவுக்கான மரபணுச் சிகிச்சையை ஐந்து பேருக்குக் கொடுத்து வெற்றி கண்ட முடிவையும் வேலூர் மருத்துவர்களே வெளியிட்டார்கள். சோதனை என்ற சொல் இந்த ஊருக்குப் புதிதல்ல.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு. அங்கே 350 நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஜெஃபிடினிப்பைத் தனியாகவும் கீமோவோடு சேர்த்தும் கொடுத்தார்கள். இரண்டுமே இந்தியாவில் மலிவாகக் கிடைக்கும் மருந்துகள். நோய் அடங்கிய காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமானது, வாழ்நாளும் கூடியது. கடும் பக்கவிளைவுகள் இரு மடங்காயின என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். நிவோலுமாப் ஊசியில் அவர்கள் செய்தது இன்னும் துணிவானது. தலை, கழுத்துப் புற்று முற்றியவர்களுக்கு, மற்ற மருந்துகளோடு சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை 20 மில்லிகிராம் மட்டும் கொடுத்தார்கள். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240. ஓராண்டு உயிரோடு இருந்தவர்கள் 16 விழுக்காட்டிலிருந்து 43 விழுக்காடானார்கள். 2023-ல் வந்த இந்த முடிவை அப்படியே நுரையீரலுக்குப் பெயர்த்துவிட முடியாது. ஆனால் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அளவு போதுமா என்ற கேள்வியை மருந்து விற்கும் நிறுவனம் கேட்காது. மருந்து வாங்க முடியாத நாடுதான் கேட்க வேண்டும். குறைந்த அளவு ஊசி, குரோமியத்தில் உழைத்தவர், திரும்பி வந்த நுரையீரல் புற்று: இந்த மூன்றையும் சேர்த்த ஒரு சோதனையை வேலூர், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, காஞ்சிபுரம் காரப்பேட்டை, சென்னை அடையாறு ஆகிய இடங்களின் புற்றுநோய் மருத்துவமனைகள் என நான்கும் சேர்ந்து நடத்தினால் போதுமான நோயாளிகள் தேறுவார்கள் என்பது என் கணிப்பு.

அதற்கு முன் முதல் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் மேல் டெஸ்ட் பண்ணுகிறார்களா? ஆம். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 2005-ல் இருந்த இந்தியா வேறு, இன்றிருக்கும் சட்டம் வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007 ஜூலையில் சோதனைகளுக்கான பொதுப் பதிவேட்டைத் தொடங்கியது. 2009 ஜூன் முதல் அதில் பதிவு செய்வது கட்டாயம். எந்த மருந்து, எந்த ஊர், யார் பொறுப்பு என்று யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சோதனைகளில் நேர்ந்த உயிரிழப்புகளை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2013-ல் விதிகள் இறுகின. 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனை விதிகளின்படி, சோதனையால் உடல் கேடு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும், சோதனையால் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடும் தர வேண்டும். நெறிமுறைக் குழுவில் ஏழு பேராவது இருக்க வேண்டும், பாதிப் பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் சம்மதம் தரும்போது சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சைக்குக் குறை வரக்கூடாது.

சட்டம் தாளில் நன்றாக இருக்கிறது. தோல் நாட்டில் அது நடைமுறையில் இடறும் இடங்கள் உண்டு. ஆம்பூரில் பல வீடுகளின் பேச்சுமொழி உருது. குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. சம்மதப் படிவம் தமிழில் இருப்பதாலேயே அது நோயாளியின் மொழியில் இருப்பதாகிவிடாது. அடுத்தது கூலி. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஐம்பது கிலோமீட்டர் வந்து போவது ஒரு நாள் கூலியை, துணைக்கு வருபவரின் கூலியையும் சேர்த்து, தின்றுவிடும். பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடு செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளே அனுமதிக்கின்றன. அதை ஆசை காட்டுவதாகக் கருதித் தயங்கும் நெறிமுறைக் குழுக்கள் தயங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஏழையை ஏழையாகவே சோதனைக்கு வரச் சொல்வது எப்படி நெறியாகும்?

இன்னொரு தடை, யாரைச் சேர்ப்பது என்ற நிபந்தனைகள். காசநோய் வந்திருக்கக்கூடாது, சிறுநீரகம் இந்த அளவில் இருக்க வேண்டும், மூளையில் பரவியிருக்கக்கூடாது என்று பக்கம் பக்கமாக நீளும் பட்டியல்கள் நம் நோயாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். அமெரிக்காவில் 2023-ல் தொடங்கிய பிராக்மாட்டிக்கா-லங் என்ற சோதனை இந்தப் பட்டியலை வேண்டுமென்றே சுருக்கியது. சாதாரண நோயாளிகள் சாதாரண மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், எதிர்பார்த்ததைவிட விரைவாக இடங்கள் நிரம்பின. அதில் சோதிக்கப்பட்ட கூட்டு மருந்து வாழ்நாளைக் கூட்டவில்லை என்று 2025-ல் தெரிந்தது. மருந்து தோற்றது. ஆனால் எளிய நிபந்தனைகளோடும் நம்பத்தக்க விடை பெற முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது. நமக்கு வேண்டியது அந்த வடிவம்.

இவையெல்லாம் நடக்கும் வரை தொழிலாளி காத்திருக்க முடியாது. ஆனால் நடப்பதற்கான இரண்டு பொருள்கள் இன்றே அவர் கையில் இருக்கின்றன. ஒன்று, அவர் வேலை செய்த கதை. எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, டிரம்மிலா, பஃபிங்கிலா, ஸ்ப்ரேயிலா, குரோமேட் ஆலையிலா என்பதை மகனோ மகளோ ஒரு தாளில் எழுதி, மருத்துவமனைக் கோப்பில் வைக்கச் சொல்ல வேண்டும். குரோமியத்தால் வரும் நோய்கள் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத் தொழில்நோய்ப் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தத் தாள் சிகிச்சைக்கு மட்டுமல்ல, உரிமைக்கும் உதவும்.

இரண்டாவது, ப்ளாக். ஊசி குத்தியோ அறுத்தோ எடுத்த திசுவை மெழுகில் பதித்துச் சிறு கட்டையாக ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். மரபணுச் சோதனையானாலும், பிழை திருத்தும் புரதம் இருக்கிறதா என்ற சோதனையானாலும் அந்தக் கட்டையிலிருந்துதான் செய்வார்கள். நோய் திரும்பி வேறு மருத்துவமனைக்கு ஓடும்போது பலர் ஸ்கேன் படங்களை எல்லாம் கட்டி எடுத்துப் போகிறார்கள், ப்ளாக்கை மறந்துவிடுகிறார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆய்வகங்கள் பழைய கட்டைகளை அப்புறப்படுத்திவிடவும் கூடும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் வந்திருந்தால், அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த ப்ளாக் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். ரசீது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினால் எழுதிக் கொடுத்து அதைக் கையோடு வாங்கிச் செல்லுங்கள்.